உப்பளத்தில் வாய்ப்பூட்டு

மரக்காணம் போகிறேன் என்றதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "அங்க ஆருங்க செத்துப்போனது?" என்பதுதான். சாவுக்கும் கல்யாணத்துக்கும் தவிர நான் கோயமுத்தூரைத் தாண்டுவதில்லை. யாரும் சாகவில்லை, ஒரு நாவலை முடிக்க முடியாமல் நான்தான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவள் இட்லிப்பொடியைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தாள். "பஸ்ஸுல காலை ஆட்டாம உக்காருங்க, பக்கத்துச் சீட்டுக்காரன் பாவம்," என்று சொல்லி அனுப்பினாள்.

கால் ஆடும் வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. உட்கார்ந்தால் வலது முழங்கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். பகலில் ஒரு கிரைண்டர் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மற்ற நேரத்தில் ஒரு மாயாஜால நாவல். அதில் உப்பால் ஆன ஒரு ராஜ்யம் இருக்கிறது, ராஜா இருக்கிறார், மூன்று தலைமுறைச் சண்டை இருக்கிறது, முடிவு மட்டும் இல்லை. உப்பளம் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க்காரனுக்கு உப்பு பாக்கெட்டில் விளைவது.

என்னைப் போன்றவர்களுக்காக ஃபோனில் ஒரு குழு இருக்கிறது. பெயர் ‘பறக்கும் பல்லிகள்’. மந்திரம், பூதம், பறக்கும் மிருகம் என்று கதை எழுதுகிறவர்கள் சேர்ந்தது. யாருக்கும் இன்னும் புத்தகம் வரவில்லை. எழுதுவதைவிட எப்படி எழுத வேண்டும் என்று அடுத்தவருக்குச் சொல்வதில்தான் நாங்கள் கெட்டிக்காரர்கள். மந்திரத்துக்கு ஒரு விலை வை. வானிலையில் கதையைத் தொடங்காதே. கனவு என்று சொல்லி முடிக்காதே. வாயில் நுழையாத பெயரை நாயகனுக்கு வைக்காதே. இப்படிக் காலையில் கண் விழித்ததும் ஃபோனில் உபதேசம் கொட்டிக் கிடக்கும்.

உபதேசக்காரர்களில் பெரிய ஆள் மரக்காணத்து ஜெயசீலி. அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறார். கணவர் அந்தோணி உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். குழுவின் இரண்டு சட்டங்களும் ஜெயசீலி போட்டவை. ஒன்று, ‘நல்லா இருக்கு’ என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால், "இது இன்னா பர்த்டே விஷ் பண்ற குரூப்பா?" என்று கேட்பார். இரண்டாவது, வாய்ப்பூட்டு. ஒருவர் தன் கதையைப் படித்து முடித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் குறை சொல்லி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. போன முறை என் முறை வந்தபோது நான் நடுவில் வாயைத் திறந்தேன் என்று ஃபோன் கூட்டத்திலிருந்தே என்னைத் தூக்கி வெளியே போட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இத்தனை சட்டம் பேசுகிறவர் தன் கதையில் ஒரு வரியைக்கூட இதுவரை காட்டியதில்லை. இப்போது திடீரென்று, படிக்கிறேன், ஆனால் ஃபோனில் முடியாது, நேரில் வாங்க என்றார். "அண்ணா, உப்பைப் பாக்காமயே உப்பு ராஜ்யம் எழுதறீங்க. அப்படியே வந்து ஒரு தபா பாத்துட்டுப் போங்க." இரண்டு காரணங்கள் கிடைத்துவிட்டன. பழி தீர்க்கவும் ஒரு வாய்ப்பு என்று உள்மனசு சொன்னது.

திண்டிவனத்தில் நான் செய்த முதல் வேலை தவறான பஸ்ஸில் ஏறியது. பஸ் நிலையத்தில் நிற்கப் பொறுமை இல்லாமல், உறுமிக்கொண்டிருந்த முதல் வண்டியில் தாவினேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. "மரக்காணமா? இது பாண்டி வண்டிங்க. கிளியனூர்ல எறங்கி நில்லுங்க, எதாச்சும் வரும்." கிளியனூரில் இறங்கி நின்றேன். எதுவும் வரவில்லை. ஒரு டீ குடித்தேன், ஒரு பஜ்ஜி தின்றேன், மறுபடி ஒரு டீ. எங்கள் ஊர் டீயைவிடச் சர்க்கரை ஒரு பிடி கூடுதல். டீக்கடைக்காரர் நான் குறுக்கும் நெடுக்கும் நடப்பதைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, வயிறு சரியில்லியா? பின்னால பாத்ரூம் இருக்குது," என்றார்.

கடைசியில் ரிஸ்வான்தான் பைக்கில் வந்து என்னை மீட்டார். குழுவில் ஜின் கதைகள் எழுதும் பையன். கோட்டக்குப்பத்தில் செல்ஃபோன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். வழியில் பைக் செயின் இரண்டு முறை கழன்றது. ஒவ்வொரு முறையும் சாலையோரம் குந்தி, கிரீஸ் கையோடு, "அண்ணே, என் ஜின்னுக்கு ஒரு பலவீனம் வேணும், இன்னா வெக்கலாம்?" என்று கேட்டார். செயின் என்றேன். அவர் சிரிக்காமல் யோசித்தார்.

ஜெயசீலி படிப்பது ஞாயிற்றுக்கிழமைதான். அதுவரை பெரிய முதலியார்சாவடியில் ரிஸ்வானுடைய சொந்தக்காரர் வீட்டு மாடியில் எனக்கு அறை. கீழே வீட்டம்மா சுடச்சுட இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் கொடுத்து அனுப்பினார். இட்லிப்பொடி பையிலேயே இருந்தது. மாடியில் நின்றால் கடல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எல்லோரும் அதை அமைதி என்கிறார்கள். எனக்கு யாரோ விடாமல் அரிசி புடைப்பது போல இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. எல்லோருக்கும் வேலை இருந்தது, எனக்கு மட்டும் இல்லை. சும்மா இருக்கத் தெரியாதவனுக்கு விடுமுறை ஒரு தண்டனை. கடற்கரைக்குப் போனேன், திரும்பினேன். நாவலை எடுத்தேன், மூடினேன். பிறகு ஒரு ஷேர் ஆட்டோவைப் பிடித்து இடையஞ்சாவடிக்குப் போய் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தேன். பக்கத்து மேஜையில் இரண்டு வெள்ளைக்காரர்கள் ஆங்கிலத்தில் சண்டை போட்டார்கள். "நான் இங்கே மௌனத்தைத் தேடி வந்தேன்," என்றாள் அந்தப் பெண். "வந்ததிலிருந்து நீ அதைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறாய்," என்றார் அந்த ஆள். எங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளத் தகுந்த ஜோடி.

ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் ரிஸ்வானும் கடலோரச் சாலையில் வடக்கே போனோம். புதுச்சேரியிலிருந்து சுகந்தி டீச்சர் ஸ்கூட்டரில் வந்து வழியில் சேர்ந்துகொண்டார். பள்ளியில் அறிவியல் நடத்துகிறார், சூனியக்காரிகளைப் பற்றி எழுதுகிறார். மரக்காணம் நெருங்க நெருங்கச் சாலையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணைக் கூசவைத்தது.

என் நாவலில் உப்பளம் பளபளக்கும், காற்றில் மல்லிகை மணக்கும். இங்கே உப்பு அழுக்கு வெள்ளையில் கிடந்தது. சேற்று வாடை வீசியது. பாத்திகளில் நின்ற தண்ணீர் சில இடத்தில் செம்மண் நிறம். வரப்பில் செருப்பைக் கழற்றி நடந்த பத்தாவது அடியில் என் குதிகால் வெடிப்பு எரியத் தொடங்கியது. மூன்று தலைமுறை உப்பு ராஜாக்களில் ஒருவருக்காவது கால் எரிந்ததாக நான் எழுதவில்லை. எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது.

ஜெயசீலி மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு, அதே புடவையில் வந்து நின்றார். ஃபோனில் கேட்ட குரலுக்கு ஆறடி உயரம் எதிர்பார்த்திருந்தேன். என் தோளுக்குத்தான் இருந்தார். குரல் மட்டும் அதே குரல். "வாங்கண்ணா, வாங்க டீச்சர். ரிஸ்வான், வண்டிய அந்த நிழல்ல போடு, சீட்டு வெந்துடும்."

அந்தோணி வரப்போரம் மூன்று உப்புக் குவியல்களின் மேலிருந்த தார்ப்பாய்களை இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஏற்றிப்போக அன்று லாரி வருகிறது. வர வேண்டிய லாரி திண்டிவனம் சாலையில் டயர் வெடித்து நிற்பதாக ஃபோன் வந்தது. உதவிக்குக் கிளம்பும்போது மனைவியிடம், "ஜெயா, வானத்தப் பாத்துக்க. மேக்கால கறுத்துச்சின்னா ஒடனே இழுத்து மூடிடு," என்றார். நான் நிற்பதைப் பார்த்து எனக்கும் விளக்கினார். "பாத்தில கெடக்கறது கரைஞ்சாலும் வெயிலுக்குத் திரும்ப வெளஞ்சிடும் சார். இந்தக் குவியல் போச்சின்னா எங்க வருஷமே போச்சி."

ஆவணி மாதம். வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது.

மதியம் வீட்டில் ஜெயசீலி வஞ்சிரம் குழம்பும் சுறாப்புட்டும் போட்டார். கையை நக்கும்படி இருந்தது, உப்பு மட்டும் குறைவு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று உப்பளக்காரர் வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியுமா? ரிஸ்வான் சொல்லிவிட்டார். "நாள் பூரா உப்புலயே நிக்கறோம், சோத்துல வேற எதுக்குடா?" என்றார் ஜெயசீலி. சொல்லிவிட்டு உப்பு ஜாடியை அவர் பக்கம் தள்ளினார்.

கதை படிக்க உப்பளத்துக்கே திரும்பினோம். வீட்டில் உட்கார்ந்தால் வானத்தைப் பார்க்க முடியாது என்றார் ஜெயசீலி. பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு ஒரு கொட்டகை. மேலே கீற்று, நாலு பக்கமும் திறப்பு. மேற்கு வெயில் கண்ணில் அடித்ததால் நாங்கள் மூவரும் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். ஜெயசீலி எங்களுக்கு எதிரே, வெயிலைப் பார்த்தபடி சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தார். பையிலிருந்து தாள்களை எடுத்தார். ஊரையே அதட்டுகிற ஆள், முதல் வாக்கியத்தில் இரண்டு முறை திக்கினார்.

கதை இது. உப்பு விளையும் ஒரு தீவு. அங்கே மழைதான் பகை. ஒரு பெண் மட்டும் மேகத்தைப் பார்த்துக் கூவித் திருப்பி அனுப்ப வல்லவள். ஆனால் ஒவ்வொரு மேகம் திரும்பும்போதும் அவள் மனத்திலிருந்து ஒருவரின் பெயர் போய்விடும். அப்பாவின் பெயர் போயிற்று, தோழியின் பெயர் போயிற்று. அத்தியாயத்தின் முடிவில் பெரிய மேகம் ஒன்று வருகிறது. தீவே கரையில் நின்று அவளைப் பார்க்கிறது. இடுப்பில் அவளுடைய குழந்தை. அவள் வாயைத் திறக்காமல் நிற்கிறாள்.

ஜெயசீலி படித்து முடித்துத் தாள்களை மடித்தார். பிறகு நாங்கள் எங்கள் குணத்தைக் காட்டினோம்.

"மொத வரியே மேகம்," என்றார் சுகந்தி டீச்சர். "வானிலைல ஆரம்பிக்கக் கூடாதுன்னு நீங்கதானே எல்லாரையும் திட்டுவீங்க?"

ஜெயசீலி கையைத் தூக்கினார். ஏதோ சொல்ல வாய் திறந்தார்.

"வாய்ப்பூட்டு!" என்று கத்தினேன். எத்தனை நாளாக அதற்குக் காத்திருந்தேன்! மூவரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டுக் கையை இறக்கினார்.

ரிஸ்வான் மந்திரத்தின் விலையைப் பிடித்துக்கொண்டார். பேர் மறந்தா போதுமா, முகமும் மறக்கணும் என்றார். அதற்குள் வெயில் தணிந்து குளிர்ந்த காற்று முதுகில் பட்டது. "அப்பாடா," என்றார் டீச்சர். ஜெயசீலி பாதி எழுந்தார். "அக்கா, உங்க ரூலுதான். உக்காருங்க," என்றார் ரிஸ்வான். அவர் உட்கார்ந்தார்.

கடைசியாக என் முறை. நான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். "எனக்கு அந்த முடிவு நம்பற மாதிரி இல்லைங்க. கண்ணு முன்னால மேகம் வருது. ஊரே அழியப்போகுது. அவ எதுக்குங்க கம்முனு நிக்கறா? ஒரு காரணம் வேணுமில்லைங்க? வாசகன் ஏமாளியா?" ஏமாளி என்ற சொல் எனக்கே பிடித்துப்போக, அதை இன்னொரு முறையும் சொன்னேன். அப்புறம் அந்தப் பெண்ணின் வயது, தீவின் அரசியல், குழந்தையின் தகப்பன் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டேன். பேசப் பேச ருசித்தது. ஜெயசீலி இப்போது கையைத் தூக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், என் தோளுக்கு மேலே பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்வது உள்ளே இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சர் மடியில் இருந்த குறிப்புத் தாளில் ஒரு சொட்டு விழுந்தது. பெரிய சொட்டு. காற்று அதைக் கீற்றுக்கு அடியில் சாய்த்து அடித்திருந்தது.

திரும்பிப் பார்த்தேன். திண்டிவனத்துப் பக்கம் வானமே இல்லை, ஒரே கறுப்பு.

"தார்ப்பாய்!" என்று ஜெயசீலி போட்ட கூச்சலில் எங்கள் மூவருக்கும் கால் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை வீரச்செயலாக எழுத எனக்கும் ஆசைதான். வரப்பில் ஓடும்போதே நான் வழுக்கிப் பாத்திக்குள் விழுந்தேன். எழுந்தபோது ஒரு முழங்கை தோலில்லாமல் எரிந்தது. தார்ப்பாய் நனைந்த எருமை மாதிரி கனத்தது. ஒரு முனையை ரிஸ்வான் பிடித்தால் மறுமுனையைக் காற்று பிடுங்கியது. டீச்சர் அதன் மேல் அப்படியே படுத்துவிட்டார். ஜெயசீலி குவியல் மேல் ஏறி நின்று, "கல்லை வைடா, கல்லை வை! அண்ணா, அந்தப் பக்கம் இழுங்க, இன்னா வேடிக்க பாக்கறீங்க!" என்று ஆணையிட்டார். வாய்ப்பூட்டு எல்லாம் எங்கேயோ போயிருந்தது.

முதல் குவியலை முழுக்க மூடினோம். இரண்டாவதை மூடி முடிப்பதற்குள் ஒரு பக்கம் கரைந்தது. மூன்றாவதற்குத் தார்ப்பாயை விரிக்கவே காற்று விடவில்லை. குவியலின் கூர் மழுங்கியது, பக்கங்களில் வாய்க்கால் விழுந்தது, வெள்ளைத் தண்ணீர் வரப்பிலிருந்து பாத்திக்கு ஓடியது. கையால் அணை போடப் பார்த்தேன். விரல் இடுக்கில் ஓடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மழையில் யாருக்கும் தெரியவில்லை.

வந்த வேகத்தில் மழை கடலுக்குள் போய்விட்டது. வெயில் திரும்ப வந்து, ஒன்றும் நடக்காதது போல அடித்தது. அந்தோணி பைக்கைச் சாலையில் போட்டுவிட்டு ஓடிவந்தார். மூன்று குவியலையும் சுற்றி வந்தார். மூன்றாவதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பாதிக்கும் மேல் இல்லை. பிறகு மனைவியைப் பார்த்தார்.

எனக்கு அந்தப் பார்வை தாங்கவில்லை. "தப்பு எங்களுதுங்க," என்றேன். "அவங்க சொல்றக்குத்தான் கையைத் தூக்கினாங்க. நாங்கதான் பேச உடலீங்க."

"மொத ரெண்டு தபாவும் அதச் சொல்லத்தான் பாத்தேன்," என்றார் ஜெயசீலி. முந்தானையைப் பிழிந்துகொண்டே தரையைப் பார்த்துப் பேசினார். "அப்புறம் நானேதான் உக்காந்துக்கினு இருந்தேன். ரூலு கீலுன்னுலாம் இல்ல. மேகம் வர்றது நல்லாத் தெரிஞ்சிது. போலாம், போலாம்னு நெனச்சிக்கினே உக்காந்துட்டேன்."

எதுக்குங்க கம்முனு நிக்கறா என்று சற்று முன்னால் நான் கேட்ட கேள்வி என் காதிலேயே ஒலித்தது. வெட்கமாக இருந்தது.

அந்தோணி கத்துவார் என்று ரிஸ்வான் இரண்டடி பின்னால் போனார். அவர் கத்தவில்லை. முகத்து நீரை வழித்துவிட்டுக் கேட்டார். "கத நல்லா இருக்குதுன்னாங்களா?"

ஜெயசீலி எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தார். "அது மட்டும் இன்னும் சொல்லல."

உண்மைதான். மேகம் முதல் வரியில் வந்ததைச் சொன்னோம், விலை போதாது என்றோம், ஏமாளி என்று இரண்டு முறை சொன்னோம். இதைச் சொல்லவில்லை. அவர் படித்த நேரத்தை நினைத்துப் பார்த்தேன். அந்தக் கொட்டகை, அந்தக் காற்று, இடுப்பில் குழந்தையோடு நின்ற அந்தப் பெண். அவர் படித்து முடிக்கும்வரை நான் அசையவே இல்லை.

"நல்லா இருக்குதுங்க," என்றேன். "நெசமாத்தான் சொல்றேன். நீங்க படிச்சு முடிக்கற வரைக்கும் என்ற காலு ஆடவே இல்லைங்க."

அந்தோணி மூன்றாவது குவியலின் மேல் தார்ப்பாயை இழுக்கத் தொடங்கியிருந்தார். ஜெயசீலி அவர் கையிலிருந்த தார்ப்பாய் முனையை வாங்கிக்கொண்டார்.

"அத மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா, எழுந்து போயிருப்பேன்ல அண்ணா?"